ஆத்தாவுக்கு அம்மை குத்திய டீச்சர்

கேளம்பாக்கத்தில் என் மகள் இருக்கும் அடுக்குமாடிக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். வாடை தாங்கவில்லை. எனக்குப் பிடித்தது சுண்ணாம்பு வாசம்தான். சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று கிளம்புமே, அது. ஐம்பதுகளில் பக்கிங்காம் கால்வாயில் கிளிஞ்சல் படகுக்குக் கழி ஊன்றியவன் நான். அதற்கு முன் செங்கல்பட்டு ஓட்டலில் மாவாட்டினேன். அதற்கும் முன் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். எதிலும் நிலைத்ததில்லை.

ஞாயிறுதோறும் மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி என் படகில் ஏறுவார் கோமதி டீச்சர். செங்கல்பட்டில் பெண்கள் பள்ளியின் டிராயிங் டீச்சர். நகக்கண்ணில் எப்போதும் வர்ணம் ஒட்டியிருக்கும். மீனவக் குப்பங்களின் சுவர்களில், அம்மை குத்திக்கொள்ளச் சொல்லிப் படம் வரைவார். யாரும் அனுப்பியதில்லை, சம்பளமும் இல்லை.

"இன்னா டீச்சர், லீவு நாள்ல வூட்ல படுக்கலாமில்ல?" என்பேன்.

"படுத்தா முதுகு வலிக்குது. நீ கழியப் போடு."

பெரியம்மைக் காலம் அது. என் தங்கை அதில்தான் போனாள். செத்தாள் என்று சொல்ல மாட்டோம், ஆத்தா கூட்டிக்கொண்டாள் என்போம். அம்மை போட்ட வீட்டில் ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று வேப்பிலை கட்டுவோம். ஊசி பட்டால் அவளுக்குக் கோபம் வரும் என்று பயம்.

ஒரு குப்பத்தில், உப்புக் கிடங்குச் சுவரில், இடுப்பில் குழந்தையோடு ஒரு தாயை வரைந்தார் டீச்சர். கையிருப்பில் மஞ்சளும் சிவப்பும்தான் மிச்சம். அதனால் மஞ்சள் சேலை, பெரிய சிவப்புப் பொட்டு. அப்போதே எனக்குக் கை தானாகக் கூப்பிக்கொண்டது. செருப்பு இருந்திருந்தால் கழற்றியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு அம்மை குத்துகிறவரையும் கூட்டிக்கொண்டு போனோம். பக்கத்துக் குப்பத்தில் வேப்பிலை கட்டியாகிவிட்டது. ஐஸில் வைத்திருந்த அம்மைப்பால், அதுதான் குத்துகிற மருந்து, வெயில் ஏறினால் கெட்டுவிடும். போய்ப் பார்த்தால் சுவர் முழுக்கக் குங்குமம், கற்பூரப் புகை. முன்னால் அஞ்சலை, ஒரே மகனை இடுக்கிக்கொண்டு. மூத்த இரண்டையும் அம்மையில் பறிகொடுத்தவள்.

"ஆத்தாளே வந்து குந்திகினு கீறா. இனிமே ஊசி எதுக்கு டீச்சரம்மா?"

"அது ஆத்தா இல்ல அஞ்சலை. எங்க பக்கத்து வீட்டு இட்லிக்காரி. அவள நிக்க வெச்சுத்தான் வரைஞ்சேன்."

"உனக்கு இட்லிக்காரியா வந்தா. எங்களுக்கு ஆத்தாவா வந்துட்டா."

அம்மை குத்துகிறவர் பெட்டியை மூடப் போனார். அஞ்சலை சிரித்தாள். "இன்னா அண்ணாத்த, கெளம்பிட்ட? ஆத்தாளுக்கு மொதல்ல குத்து. அவ தாங்கிகினா நாங்க கை நீட்டறோம்."

டீச்சர் பையிலிருந்து தூரிகையை எடுத்தார்.

"யம்மா, கைய வெக்காத!" என்று ஒரு கிழவர் கத்தினார். கூட்டம் பின்வாங்கியது. டீச்சர் தன் ரவிக்கைக் கையைச் சுருட்டிப் புஜத்தில் அம்மை குத்திய வட்டத் தழும்புகளைக் காட்டினார். பிறகு படத்தின் புஜத்தில் அதே மாதிரி வரைந்தார், மெதுவாக, வலிக்குமோ என்பது போல.

அஞ்சலை கிட்டே போய் முகர்கிற தூரத்தில் நின்று பார்த்தாள். ஆத்தா முகம் சிரித்தபடிதான் இருந்தது.

"தாங்கிகினாடீ!" என்றாள் அஞ்சலை. மகனின் கையை நீட்டினாள். அவன் ஊசியைப் பார்ப்பதற்கு முன்பே அலறினான்.

எல்லாரும் வரவில்லை. சில கதவுகள் திறக்கவேயில்லை. திரும்பும்போது படகில் நாங்கள் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருக்க, டீச்சர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "அந்தக் கை கொஞ்சம் நீளமாப் போயிடுச்சு, கவனிச்சியா?"

அந்தக் கோடையில் ஆத்தா அங்கேயும் இறங்கினாள். சாத்தியிருந்த வீடுகளில் குழந்தைகள் போயின. அஞ்சலையின் மகன் பிழைத்து, கட்டுமரம் ஏறி, என்னைவிட நன்றாகவே சம்பாதித்தான்.

இப்போது கால்வாயில் படகு இல்லை. கிடங்கு இருந்த இடத்தில் ஏதோ ரிசார்ட். டீச்சரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இதற்கெல்லாம் வருத்தம்தான். ஆனால் அந்நாளில் தெருவுக்கு நாலு முகம் அம்மைத் தழும்போடு இருக்கும். மாமல்லபுரம் திருவிழாக் கூட்டத்தில் நின்று தேடிப் பார்க்கிறேன். வழவழவென்று முகங்கள். தழும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.