கறுப்பு பதினாலு, சாம்பல் ஒன்பது

எனக்கும் என் தம்பிக்கும் எட்டு வருஷமாக அணிலால் சண்டை. நான் ரொறன்ரோவில் இருந்தேன். அவன் வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தான். சண்டை முழுவதும் கடிதத்தில்தான் நடந்தது. தொடக்கி வைத்தவள் நான்.

இங்கே வந்த முதல் கோடையில், மல்வேர்னில் எங்கள் பில்டிங்குக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு கறுப்பு அணில் தெருவைக் கடந்து ஓடியது. அதன் பின்னால் ஒரு சாம்பல் நிற அணில். இரண்டும் ஊர் அணிலைவிட மூன்று மடங்கு பெரிசு. முதுகில் ஒரு கோடும் இல்லை. ராமர் தடவ மறந்துபோன அணில்கள் என்று தம்பிக்கு எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'இங்கே இரண்டு இன அணில் இருக்கு' என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. "அக்கா, இரண்டு இனம் என்று உங்களுக்கு ஆர் சொன்னது? நிறம் வேறு என்றால் இனம் வேறோ? நீங்கள் கறுப்பு, நான் பொது நிறம். அப்ப நாங்கள் இரண்டு இனமோ?" அதற்குக் கீழே இலக்கம் போட்டுக் கேள்விகள். ஒன்று: கறுப்பும் சாம்பலும் ஒன்றையொன்று சோடி சேரத் துரத்துமா, தங்கள் நிறத்தை மட்டும் துரத்துமா? இரண்டு: ஒரே இடத்தில் நின்று எண்ணினால் கறுப்பு எத்தனை, சாம்பல் எத்தனை? மூன்று: தாயையும் குட்டிகளையும் ஒன்றாகக் கண்டதுண்டா?

அந்த அணிலை அவன் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அவனுடைய பள்ளிக்கூட நூலகத்தில் அட்டை கழன்ற ஒரு தடித்த புத்தகம் இருந்தது. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் செடியும் பூச்சியும் பறவையும் ஆராய்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள். அவனுக்கு அதுதான் வேதம். அதில் ஒருவர் வயிற்றுக்கோளாறோடு கிராமத்து வீட்டைவிட்டு அசையாமல் இருந்துகொண்டு, புறா வளர்ப்பவர்கள், தோட்டக்காரர்கள், கடல் கடந்துபோன பாதிரிமார் என்று எல்லோரையும் கேள்வி கேட்டே உலகத்தை அளந்தாராம். இது தனி இனமா, ஓர் இனத்தின் பேதமா என்று வருஷக்கணக்காகக் கடதாசியில் அடிபட்டுவிட்டு, கடைசி வரியில் மற்றவருடைய பிள்ளையின் காய்ச்சலை விசாரிப்பார்களாம். "எனக்கும் வயிறு சரியில்லை அக்கா. நானும் ஊரைவிட்டு அசைவதில்லை, அசையவும் விடமாட்டார்கள். அதனால் நீங்கள்தான் என்ரை கண்" என்று எழுதியிருந்தான்.

நான் படித்தது வர்த்தகம். அணிலின் இனம் எனக்கு என்னத்துக்கு? ஆனால் எங்கள் வீட்டில் ஒருவரும் நாலு கால் முயல் பிடித்ததில்லை. பிடித்ததெல்லாம் மூன்று கால்தான். இரண்டு இனமேதான் என்று பதில் போட்டேன். போட்டபின் நிரூபிக்க வேண்டுமே. பாண் சுடும் தொழிற்சாலைக்குக் காலை ஷிப்ட் போகும்போது பஸ் தரிப்பில் நின்று எண்ணத் தொடங்கினேன். ஒருநாள் மேப்பிள் மரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டு நிற்கக் கதவைச் சாத்திக்கொண்டு பஸ் போய்விட்டது. அணில் ஏறவிட்ட நாய் மாதிரி என்று சொல்வார்களே, அப்படி நின்றேன்.

"இஞ்சரும், நீர் வேலைக்குப் போறீரோ, அணில் எண்ணப் போறீரோ?" என்று கேட்டார் என் கணவர்.

"ரெண்டுக்கும்தான்" என்றேன்.

எண்ணியதை எழுதி அனுப்பினால் அதிலும் வில்லங்கம். 'புதன் காலை, கறுப்பு பதினாலு, சாம்பல் ஒன்பது. வியாழன், கறுப்பு பதினொன்று, சாம்பல் பன்னிரண்டு' என்று நான் எழுதிய கடிதத்தைச் சோதனைச்சாவடியில் உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். தம்பியைக் கூப்பிட்டு, இந்தப் பதினாலு கறுப்பும் ஆர் என்று அரை நாள் விசாரணை. அவன் கடதாசியில் அணில் கீறிக் காட்டி, ஓர் இனத்துக்குள்ளே நிறம் எப்படி மாறும் என்று ஒரு பாடமே எடுத்திருக்கிறான். கடைசியில் விசாரித்தவர், தங்கள் ஊரில் அணில் கொய்யாப்பழம் ஒன்றும் மிச்சம் விடுவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். "இனிமேல் வரிக்கு வரி அணில் என்ற சொல்லைப் போட்டு எழுதுங்கோ" என்று வந்தது அடுத்த கடிதம்.

அவனைத் தோற்கடிக்க அவனுடைய ஆயுதத்தையே எடுப்போம் என்று, பக்கத்து லைப்ரரியில் அப்படியொரு கடிதத் தொகுப்பை நானும் இரவல் வாங்கினேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வாசித்தேன். பாதி விளங்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். புகழ்ந்து எழுதியவருக்கு அந்த மனுஷர்கள் நாலு வரியில் நன்றி சொல்லி முடித்துவிடுவார்கள். பிழையாக எழுதியவருக்கு நாலு பக்கம் போகும்.

பிறகு ஒரு வசந்தத்தில் எங்கள் பல்கனியில், பழைய ரைஸ் குக்கர் பெட்டிக்குப் பின்னால் ஓர் அணில் கூடு கட்டியது. சாம்பல் நிறத் தாய். சில கிழமைக்குப் பிறகு குட்டிகள் வெளியே வந்தன. மூன்று. இரண்டு கறுப்பு, ஒன்று சாம்பல். மூன்றும் அந்த ஒரே தாயில் பால் குடித்தன. நான் கண்ணாடிக் கதவுக்குள்ளே நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் கத்தரிக்காய் கருகிப்போனது.

மூன்றாம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தம்பிதான் சரி. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை. தோற்காமல் இன்னும் ஒரு மாதம் இருந்து பார்ப்போமே என்று தள்ளிப்போட்டேன். அந்த மாதம் முடிவதற்குள் போர் முற்றி, வன்னிக்குத் தபால் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் கை வராது. போரை நிறுத்தச் சொல்லி எல்லோரோடும் போய் நகரத் தெருவில் குளிருக்குள் நின்றேன். தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். தம்பியும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மாமனாரும் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இவ்வளவுக்குள்ளும் அந்த மூன்று குட்டிகள் என்னைக் குத்திக்கொண்டே இருந்தன. அவனை வெல்லவிடாமல் வைத்திருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

மே மாதம் போர் முடிந்தது. ஆகஸ்டில் கடிதம் வந்தது. வவுனியா அகதி முகாமுக்குப் போய்வந்த ஒரு பாதிரியாரிடம் அங்கே இருந்த தம்பி கொடுக்க, அவர் கொழும்பில் தபாலில் சேர்த்திருந்தார். கொப்பியில் கிழித்த அரைத் தாள். "அக்கா, மாமா இல்லை. மற்ற நாலு பேரும் இருக்கிறம். உங்கள் கடிதங்கள் இருந்த தகரப்பெட்டி வழியில் போய்விட்டது. யோசிக்காதேயுங்கோ. அணில் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. இரண்டு இனமாகவே இருக்கட்டும்."

உயிரோடு இருக்கிறான் என்று சுவாமிப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். எழும்பி இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் பயம் பிடித்தது. என் தம்பி ஐந்து வயதில்கூட எனக்கு ஒன்றையும் விட்டுக்கொடுத்ததில்லை.

"உமக்கு வெற்றிதானே. பிறகேன் அழுறீர்?" என்றார் கணவர்.

"உது அவனில்லை. அவன் எனக்கு ஓம் எண்டு சொல்லமாட்டான். மனம் விட்டுப்போனான்" என்றேன்.

அவர் கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு, மடித்துச் சுவாமிப் படத்துக்குக் கீழே வைத்தார்.

உண்மையை எழுதலாம் என்று பேனையை எடுத்தேன். பல்கனிக் கூட்டில் கண்டதை எழுதினால் என்ன நினைப்பான்? அக்கா பாவம் பார்த்து என்னை வெல்ல விடுகிறாள் என்பான். நாலு வரியில் நன்றி எழுதுவான். எனக்கு நாலு பக்கம் வேண்டியிருந்தது. லைப்ரரிப் புத்தகம் சொல்லித்தந்த வழி ஒன்றுதான் இருந்தது.

இப்படி எழுதினேன்: "தம்பி, நீ ஒத்துக்கொண்டது பிழை. இரண்டு இனம் இல்லை. நான் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறேன். எங்கள் பில்டிங் புகைபோக்கிக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் அணில் மாரி முழுக்கச் சூட்டுக்காகப் படுத்தது. கரி பிடித்துக் கறுத்துப்போனது. பிறகு அது போட்ட குட்டிகளும் கறுப்பு. கரி இரத்தத்தில் இறங்கிவிட்டது. கறுப்பு அணில் வந்த கதை இதுதான். பக்கத்து வீட்டு அன்ரியும் ஓம் என்கிறா. இதை அங்கே பிள்ளைகளுக்குப் படிப்பி."

படிப்பி என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடும் போட்டேன். அதே பாதிரியாரின் கொழும்பு முகவரிக்கு அனுப்பிவிட்டு, வேலையால் வந்தவுடன் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பதே என் சீவியமாகிவிட்டது. செப்டெம்பர் போனது. இலையெல்லாம் சிவந்து கொட்டியது. முகாமில் இருக்கிறவனிடம் போய்ப் பொய் சொல்லி விளையாடினேனே என்று சில நாட்களில் என்னை நானே ஏசினேன். அணில்கள் கறுப்பும் சாம்பலுமாக விதைகளைப் புதைத்துக்கொண்டு திரிந்தன. எண்ண மனம் வரவில்லை.

முதல் பனி விழுந்த கிழமையில் தடித்த உறை ஒன்று வந்தது. எலிவேட்டருக்கு முன்னால் நின்றே உடைத்தேன். அன்புள்ள என்று இல்லை, நலமா என்று இல்லை.

"அக்கா, உங்களுக்கு மூளை கலங்கிப்போச்சோ? இதை நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவோ? உடம்பில் பிடித்த கரி எப்படிக் குட்டிக்குப் போகும்? இங்கே போன மாதம் ஒரு குழந்தை பிறந்தது. தகப்பனுக்குச் செல்லடியில் ஒரு கால் போய்விட்டது. உங்கள் கணக்குப்படி பிள்ளை ஒற்றைக் காலோடு பிறந்திருக்க வேண்டும். நான் நேரில் போய்ப் பார்த்தேன். இரண்டு காலும் இருக்கு. பத்து விரலையும் எண்ணினேன். உங்கள் கடிதத்தை இங்கே சும்மா இருக்கிற ஏ.எல். வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு வாசித்துக் காட்டி, எங்கெங்கே பிழை என்று கேட்டேன். ஏழு பிழை பிடித்தார்கள். பின்னேரங்களில் தொடர்ந்து வகுப்பு வைக்கச்சொல்லிக் கேட்கிறார்கள்."

நாலு பக்கம் இல்லை, ஐந்து. வரிக்கு வரி ஏச்சு. வாய்விட்டுச் சிரித்தேன். எலிவேட்டருக்கு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நல்ல செய்தியா என்று கேட்டார். என் தம்பி என்னை முட்டாள் என்கிறான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கை கொடுத்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் பக்கத்தில் பழையபடி இலக்கம் போட்டுக் கேள்விகள், பதினொன்று. பதினோராவது இது: "என்னிடம் இருந்த ஆதாரம் எல்லாம் அழிந்துபோச்சு. முதல் நாள் கண்ட அணிலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எழுதி அனுப்புங்கோ. ஒன்றும் மறைக்கக் கூடாது."

அன்று பின்னேரமே குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்து எழுதத் தொடங்கினேன். கரிக்கதை பொய் என்று முதல் வரியிலேயே ஒத்துக்கொண்டேன். அதற்குக் கீழே, இத்தனை நாளாக அவனுக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததை எழுதினேன்.

"எங்கள் பல்கனியில் ஒரே கூடு. தாய் சாம்பல். குட்டி மூன்று: இரண்டு கறுப்பு, ஒன்று சாம்பல். நீதான் சரி. மூன்றுக்கும் நாலு நாலு கால். நானும் எண்ணிப் பார்த்தேன்."