பின்சீட்டுக்காரியின் சாட்சி

மழை வரும் நாளாகப் பார்த்துத்தான் நாங்கள் மலைக்குக் கிளம்பினோம். வெயிலில் போனால் அது ஊர் சுற்றுவது, மழையில் போனால்தான் பரீட்சை என்பது என் தோழியின் வாதம். அவளும் நானும் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரே தொடக்கப் பள்ளியில் டீச்சர்கள். பதினோரு வருடமாக அவளுடைய ஸ்கூட்டியின் பின்சீட்டில் உட்கார்ந்துதான் நான் பள்ளிக்குப் போய் வந்தேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அவள் இருக்கும்போது நான் எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்?

அவளுக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வரும் நேரம். திங்கட்கிழமை கலந்தாய்வு. கைக்கெட்டும் தூரத்தில் காலியாக இருந்தது ஒரே இடம், வத்தல்மலை மேல் ஒரு சின்னப் பள்ளி. பஸ் நேரம் ஒத்துவராது. தினமும் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியில்தான் ஏறி இறங்க வேண்டும். முடியாதென்றால் பதவி உயர்வு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு என்னோடு பழைய பள்ளியிலேயே இருந்துவிடலாம். அவள் இருந்துவிட வேண்டும் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அதை வெளியில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

அவள் கணவர் லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது இருப்பார். மலையில் ஸ்கூட்டி வேண்டாம், இறக்கத்தில் பிரேக் சூடாகிவிடும் என்று தன் பைக்கைக் கொடுத்து, லீவில் வந்தபோதெல்லாம் மைதானத்தில் ஓட்டப் பழக்கியிருந்தார். தீர்ப்புச் சொல்லும் வேலையை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார்.

"அவளக் கேட்டா சூப்பரா ஓட்டறேன்னுதான் சொல்லுவா. நீங்க பின்னாடி உக்காந்து போயிட்டு வந்து சொல்லுங்க டீச்சர். உங்கள மாதிரி பயந்தவங்க இந்த ஜில்லாவுலயே கெடையாது. நீங்க சரின்னா சரிதாங்க" என்றார் போனில்.

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை சாரல் விழுந்ததும் அவள் வாசலில் வந்து ஹாரன் அடித்தாள். வழக்கம்போல ஒருபக்கமாக உட்காரப் போனேன்.

"ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காரு."

"நாப்பத்தாறு வயசுல என்னடி இது?"

"மலைக்கு வயசு தெரியாது. ஏறு."

முதல் முயற்சியில் கால் சீட்டைத் தாண்டவில்லை. இரண்டாவதில் அவள் முதுகை உதைத்தேன். மூன்றாவதில் ஏறிவிட்டேன். எதிர் வீட்டுக்காரர் குடையை மடக்கிவிட்டு நின்று பார்த்தார். கைதட்டாததுதான் பாக்கி.

அடிவாரம் வரை நன்றாகத்தான் இருந்தது. சாலையின் இருபுறமும் கேழ்வரகுக் கதிர்கள் நனைந்து தலை கவிழ்ந்திருந்தன. புளியமரங்களிலிருந்து சொட்டுகள் ஹெல்மெட்டில் டொக் டொக்கென்று விழுந்தன. எதிரே பாதி மலையைக் காணவில்லை, மேகம் மூடியிருந்தது. காணாத பாதியில்தான் நாங்கள் போக வேண்டிய இடம் இருந்தது. முதல் வளைவில் கண்ணை மூடினேன். நாலாவதில் ஒரு கண்ணைத் திறந்தேன். ஒவ்வொரு பாறையிலிருந்தும் ஒரு குட்டி அருவி இறங்கி, சாலையைக் குறுக்கே கடந்து, பள்ளத்தில் குதித்துக்கொண்டிருந்தது. கீழே வயல்களும் ஓட்டு வீடுகளும் மழைக்குள் தெரிந்து தெரிந்து மறைந்தன. பயத்தை மறந்து "ஐயோ, எவ்ளோ அழகு!" என்று கத்தினேன்.

"அழகெல்லாம் அப்புறம். கெட்டியா புடிச்சிக்க" என்றாள் அவள்.

வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். பாதியில் எண்ணிக்கை தப்பிவிட்டது. அந்த இடத்தில்தான் அது நடந்தது. வலதுபக்கம் திரும்பும் ஒரு செங்குத்தான வளைவு. வண்டி வலதுபக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம்தான் பள்ளம். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இடதுபக்கம் சாய்ந்தேன். சாய்ந்தேன் என்ன, விழுந்தேன் என்றே சொல்லலாம். வண்டி ஒரு ஆட்டம் ஆடி, மலை ஓரத்து வாய்க்காலில் போய் முட்டி அணைந்தது. அவள் இரண்டு காலையும் ஊன்றி எப்படியோ தாங்கிவிட்டாள். அடி எதுவும் இல்லை. என் இடது செருப்பு மட்டும் வாய்க்கால் தண்ணீரில் ஊரைப் பார்க்கப் போய்விட்டது.

அவள் வண்டியை இழுத்து மேலேற்றினாள். மிச்ச வளைவுகளை நடக்கிற வேகத்தில்தான் ஏறினாள்.

மேலே பள்ளி பூட்டியிருந்தது. இரண்டே அறைகள். பின்னால் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகள், அதற்குப் பின்னால் வெறும் மேகம். அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தாள். கரும்பலகையில் ஒரு கழித்தல் கணக்கு தப்பான விடையோடு இருந்தது.

"கடன் வாங்க மறந்துட்டான் பாரு" என்றாள், ஏதோ அந்தப் பையன் எதிரில் நிற்பதுபோல. கம்பிக்குள் கையை விட்டுத் திருத்த முடியுமா என்றுகூடப் பார்த்தாள்.

பக்கத்தில் ஒரு அம்மா காப்பிக் கடை வைத்திருந்தார். அந்த மலையிலேயே விளைந்த காப்பி, கூடவே மிளகாய் பஜ்ஜி. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"ஆவாது டீச்சர். விட்டுடலாம். நான் சாச்சிட்டேன் பாத்தல்ல? ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிருந்தா? தெனமும் என்னால முடியாது."

எனக்கு உள்ளே ஜிவ்வென்று இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷம்தான். இனி யாரும் எங்கேயும் போக வேண்டாம். ஸ்கூட்டி இருக்கிறது, பின்சீட்டு இருக்கிறது, போகும் வழியெல்லாம் மற்றவர்களைப் பற்றிப் பேசும் எங்கள் பேச்சு இருக்கிறது. "சரி விடு, நம்ம பள்ளிக்கூடத்துக்கு என்ன கொறச்சல்?" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அவள் மறுபடி பள்ளியின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தேன்.

"நீ சாய்க்கல" என்றேன். "நாந்தான் சாஞ்சேன். நீ அந்தப் பக்கம் சாயும்போது நான் இந்தப் பக்கம் சாஞ்சேன். அதான் வண்டி ஆடுச்சு."

"என்னாத்துக்கு?"

"அந்தப் பக்கம் பள்ளம் இருந்துச்சே!"

அவள் என்னையே பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். காப்பி புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். கடைக்கார அம்மா தண்ணீர் கொண்டு வந்து தலையில் தட்ட வேண்டியதாயிற்று. "இத்தினி நேரம் நான் செத்துக்கிட்டு இருக்கேன், நீ பஜ்ஜி திங்கிற!" என்று என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். வலித்தது. வாங்க வேண்டிய அடிதான்.

"எறங்கறப்ப மூட்ட மாதிரி உக்காரு. நான் எந்தப் பக்கம் சாஞ்சாலும் நீயும் அந்தப் பக்கமே சாயணும். புரிஞ்சிதா?"

இறங்கும்போது மழை வலுத்தது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது அவள் கணவரின் வேதவாக்கு. அவள் அதை முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். நான் அவள் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு, பள்ளத்தின் பக்கம் அவளோடு சேர்ந்து சாய்ந்தேன். என் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன், குலதெய்வத்தை நினைத்துக்கொண்டேன். நாலைந்து வளைவு தாண்டியதும் எதையும் நினைக்கத் தேவையில்லாமல் போனது. வண்டி அவள் சொன்னதைக் கேட்டது. செருப்பில்லாத காலில் மழைத் தண்ணீர் அடிக்க, நான் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினேன். செருப்பு தொலைந்த வளைவு எப்போது வந்து போனதென்றே கவனிக்கவில்லை.

அடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, கணவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். எங்கோ தாபாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க டீச்சர். போலாங்களா, வேணாங்களா?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மழையே அதைக் கழுவிவிட்டிருந்தது, ஆனாலும் துடைத்தாள்.

"தாராளமா போலாங்ணா" என்றேன். "ஆனா ஒன்னு. பின்னாடி மட்டும் யாரையும் ஏத்தக் கூடாது."

அந்தப் பக்கம் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு ஹெல்மெட்டும் டங்கென்று முட்டிக்கொண்டன.

இப்போது அவள் மலைப்பள்ளித் தலைமை ஆசிரியை. நான் ஒரு மாதம் பஸ்ஸில் போனேன். பிறகு அவள் தன் ஸ்கூட்டியை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை என் கையில் வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.