எண்ணெய் குடித்த சாமி

காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. ஊர்க் குழுவில் யாரோ வீடியோப் படம் அனுப்பியிருந்தார்கள். முக்கூடல் வாய்க்கால் ஓரத்து அம்மன் கோயில். அதன் முன்னால் ஒரு கரடி, பின்கால்களில் எழுந்து நின்று கல்விளக்கின் குழியை எட்டி நக்குகிறது. ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு ரேஷன் கடையில் சீனி இல்லை என்று கேட்ட மனுஷனைப் போலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிறது.

மனைவியிடம் ஓடிப்போய்க் காட்டினேன். "போன வாரமும் வந்துதுல்லா. மொதல்ல மூஞ்சியக் கழுவுங்க" என்றாள். அவ்வளவுதான் இன்றைக்குக் கரடியின் மரியாதை.

எனக்கோ மூக்கில் செக்கெண்ணெய் வாசம் ஏறிவிட்டது.

இருபது வயதில் நான் முக்கூடலில் ஒரு எண்ணெய்ச் செக்கில் வேலை பார்த்தேன். எள்ளோடு கருப்பட்டி தட்டிப் போட்டு ஆட்டும்போது வரும் வாசம் இருக்கிறதே, அது சட்டையோடு வீட்டுக்கு வந்துவிடும். கொடியில் போட்ட என் சட்டையை எறும்புகள் சுற்றிவரும். நான் சும்மா நின்றால் முதலாளி, "எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குலே காயுது?" என்பார். எலிப்புழுக்கை நான்தான்.

முதலாளிதான் அந்தக் கோயிலுக்குத் தர்மகர்த்தாவும். திங்கட்கிழமைதோறும் ஒரு தகர டின் நிறைய விளக்குக்கென்று நல்லெண்ணெய் அளந்து, சைக்கிளில் கட்டி, பூசாரி அண்ணாச்சியிடம் சேர்ப்பது என் பொறுப்பு. இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாய்க்கால் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி, ஒரு கை எண்ணெய் எடுத்துத் தலையில் தேய்த்துக்கொள்வேன். அம்மனுக்குப் போகிற எண்ணெய், முடி கொட்டாது என்று ஒரு நம்பிக்கை. அது எவ்வளவு பலித்தது என்பது என்னை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கார்த்திகையில் திங்கட்கிழமை கொடுத்த எண்ணெய் புதன்கிழமையே தீர்ந்துபோனது. மறுவாரமும் அப்படியே. கோயிலுக்குள் வைத்திருந்த டின் வேறு நசுங்கிக் கிடந்தது. கோயிலை ஒட்டிய கறையான் புற்றை யாரோ தோண்டிப்போட்டிருந்தார்கள். ஈசல் பிடிக்கிறவர்கள் வேலை என்று விட்டுவிட்டோம். கரடியென்பது மேற்கே மலையடிவாரத்தில், பாபநாசத்துக்காரர்கள் பார்க்கிற சங்கதி. எங்கள் ஊரில் யாரும் அதை நினைக்கக்கூட இல்லை.

பூசாரி அண்ணாச்சி, "பய அளவுல குறைக்கான்" என்றார். நான், "அண்ணாச்சி வீட்டு வடைய முகர்ந்து பாருங்க முதலாளி" என்றேன். அவர் வடை ஊரறிந்த வடை. நானும் தின்றிருக்கிறேன்.

முதலாளி இருவரையும் பார்த்தார். "ஒண்ணு அளந்தவன், இல்ல ஊத்துனவன். வெள்ளிக்கெழம விடிய ரெண்டு பேரும் கற்பூரத்த அணைங்க. பொய் சொன்னவன் செக்குப் பக்கமும் வரப்படாது, கோயில் பக்கமும் வரப்படாது."

அம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, 'நான் எடுக்கவில்லை' என்று சொல்ல வேண்டும். பொய்யாக அணைத்தவன் கை விளங்காது என்பது ஊர் நம்பிக்கை. வியாழக்கிழமை நான் சீயக்காய் போட்டு மூன்று தடவை தலை முழுகினேன். முழுகினால் போகிற எண்ணெயா அது!

வெள்ளிக்கிழமை, கிழக்கு வெளுக்கும்போது மூவரும் போனோம். பூசாரி அண்ணாச்சி கையில் கற்பூரம். கோயிலுக்குக் கதவு கிடையாது. உள்ளே கறுப்பாக ஓர் உருவம், குப்புறக் குனிந்து கும்பிட்டபடி இருந்தது. கார்த்திகை மாதம், ஊரெல்லாம் மாலை போட்டவர்கள் கறுப்பு வேட்டியில் திரிகிற காலம். முதலாளிக்குப் பக்தி மேலிட்டது.

"சாமி... சாமி! பூசாரி வருமுன்ன உள்ள போயிட்டியளே. பைய வெளிய வாங்க சாமி."

சாமி பைய வெளியே வந்தது. மூஞ்சியெல்லாம் எண்ணெய். முன்னங்கால் நகம் ஒவ்வொன்றும் வெற்றிலைக் காம்பு நீளம்.

சிவபூசையில் கரடி என்பார்கள். எங்களுக்குப் பூசை தொடங்கவே இல்லை. முதலாளியின் வேட்டி மட்டும் அந்த இடத்தில் நின்றது. முதலாளி வாய்க்காலுக்கு அந்தக் கரையில் நின்றார். கரடி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாழைத் தோட்டத்துக்குள் புகுந்து மேற்கே நடந்தது.

"இனி என்னத்துக்குலே சத்தியம்?" என்று அக்கரையிலிருந்து முதலாளி கத்தினார். "கண்ணால பாத்தாச்சுல்லா! வேட்டிய எடுத்துட்டு வாங்கலே!"

திரும்பும்போது பூசாரி அண்ணாச்சி என் காதோடு கேட்டார். "ஏலே, அம்புட்டையும் அதுவா குடிச்சிருக்கும்?"

"குடிச்சிருக்கும் அண்ணாச்சி. பெரிய கரடி."

"ஆமா, ரொம்பப் பெரிசு" என்றார். கையில் இருந்த கற்பூரத்தை வாய்க்காலில் போட்டுவிட்டார்.

அந்தச் செக்கு இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கோயிலுக்குக் கதவும் கேமராவும் வந்துவிட்டன. யாரும் கற்பூரம் அணைக்க வேண்டியதில்லை. கல்விளக்கின் மேலே பல்பு எரிகிறது.

படத்தைப் பூசாரி அண்ணாச்சிக்கு அனுப்பிவைத்தேன். ஏரலில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் மங்கினாலும் குரல் மங்கவில்லை. சற்று நேரத்தில் பதில் பேசி அனுப்பினார்.

"பாவம்லே, வெறுங்கல்ல நக்கிட்டுப் போவுது. அப்பம்லாம் நாம எடுத்தது போக அதுக்கும் இருந்துச்சு."