நீர் படாத கோடித் துணி

எங்கள் தங்கை மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் ஏந்தும் உறவினர்க்கும் நண்பர்க்கும் அவருடைய தமையன் என்ற முறையில் என் வணக்கம். உயிரோடிருந்த காலமெல்லாம் அவரை நான் 'ஏட்டி' என்றே அழைத்தேன். பாளையங்கோட்டையில் மூத்தவன் இளையவளை அழைக்கும் முறை அது. ஆனால் எனக்கு முன்னே போய்விட்டவர் எனக்கு மூத்தவராகிவிட்டார். ஆதலால் இக்கட்டுரையில் அவரை 'அவர்' என்றே எழுதுகிறேன். இதை மிகையென்று யாரும் கருத வேண்டாம்.

தந்தையார் வழக்கறிஞர். தாயாரைத் தங்கை பள்ளியில் படிக்கும்போதே இழந்தோம். அன்று முதல் வீட்டுப் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. உலை கொதிக்கும் நேரத்தில் அடுப்பங்கரையில் நின்றவாறே பாடம் படித்துத் தாவரவியலில் பட்டம் பெற்றார். எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதற் பெண் அவரே. அப்போது நான் டார்ம்ஸ்டாட் நகரில் மின்பொறியாளனாகப் பணியாற்றி வந்தேன். அங்கேயே வேதியியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த, நற்குடிப் பிறந்த சைவரான ஒருவருக்கு அவரை மணமுடித்துக் கொடுத்தோம். அறுபதுகளின் தொடக்கத்தில் தங்கை ஜெர்மனி வந்து சேர்ந்தார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. வாழ்வு செம்மையாக நடந்தது. அந்தச் செம்மை நெடுநாள் நிலைக்கவில்லை.

இதுவரை எழுதியது ஊரறிந்தது. ஊர் அறியாத ஒன்றையும் எழுதக் கடமைப்பட்டுள்ளேன். என் மைத்துனர் காலமான மறுமாதம் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. எங்கள் உறவில் ஓர் அம்மையார் கோயில் வாசலில் நின்று பலர் கேட்கச் சொன்னார்: "புருசன் பொணம் கெடக்கையில வெள்ளைக்காரிகளோட உக்காந்து சிரிச்சுக்கிட்டு சொட்டர் பின்னுதாளாம்! படிச்ச புள்ளையில்லா, அப்படித்தான்." அந்தச் சொல் தங்கையைச் சாகும்வரை தொடர்ந்தது. மைத்துனர் வீட்டார் முதல் திதிக்கும் அவரை அழைக்கவில்லை. நடந்ததை முழுதும் கண்ட உறவினன் நான் ஒருவனே. ஆகவே சொல்கிறேன்.

மைத்துனர் காலமான ஆண்டின் இலையுதிர்காலத்தில் அவருக்கு இரத்தத்தில் நோய் கண்டது. மருத்துவமனையில் சேர்த்தோம். எத்தனை போர்வை போர்த்தினாலும் குளிர்கிறது என்பார். கடையில் வாங்கிய சாயக் கம்பளி தோலில் பட்டால் தடித்துச் சிவந்துவிடும். அவர்கள் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டுக்கார அம்மையார் ஹெர்த்தா இருந்தார். கணவரை இழந்தவர். போர் முடிவில் கிழக்கிலிருந்து அகதியாக மாட்டு வண்டியில் வந்தபோது, பாத்திரங்களை விட்டுவிட்டு நூற்கும் இராட்டையைக் கொண்டுவந்தவர். சாயம் ஏறாத ஆட்டு ரோமத்தை வீட்டிலேயே நூற்றுப் போர்வை பின்னினால் உறுத்தாது என்று தங்கைக்குச் சொன்னவர் அவரே.

நான் ஓடன்வால்ட் மலைப்பக்கம் சென்று, ஓர் ஆட்டிடையரிடம் ஓர் ஆட்டின் முழு ரோமத்தைச் சாக்கில் கட்டிக் காரில் கொண்டுவந்தேன். புழுக்கையும் முள்ளும் ஒட்டிய, கொழுப்புப் பிசுபிசுக்கும் ரோமம். தங்கை வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்.

"உள்ள கொண்டு வந்துராதீங்க அண்ணாச்சி. நேரே நிலவறைக்குக் கொண்டு போங்க."

"நாத்தம் தாங்கலையோ?"

"நாத்தம் கெடக்கட்டும். சாமி படம் இருக்குத வீடு."

நிலவறையில் துணி வெளுக்கும் செப்புக் கொப்பரை ஒன்று உண்டு. தங்கை அதில் ரோமத்தைப் போட்டுச் சலவைச் சோடா இட்டு, கீழே தீ மூட்டி, கழியால் கிண்டிக் கிண்டிக் கொதிக்கவைத்தார். ஊரில் அழுக்கு ஏறிய துணிக்கு வெள்ளாவி வைப்பதைக் கண்டு வளர்ந்தவர் வேறெப்படிச் செய்வார்? அதிலும் ஆட்டின் மேல் இருந்தது. கொதித்தாலன்றித் தூய்மை வராது என்பது எங்கள் வீட்டு வளர்ப்பு. வாடை மேலே எட்ட, ஹெர்த்தா அம்மையார் இறங்கி வந்து மூடியைத் தூக்கினார்.

"அட கடவுளே! நீ கம்பளி துவைக்கவில்லை பெண்ணே. ஆட்டு சூப் வைத்திருக்கிறாய்!"

கழியில் தூக்கியபோது ரோமம் முழுவதும் ஒன்றோடொன்று இறுகி, ஒரே கட்டியாக, தடித்த கால்மிதி போல் வந்தது. இழை இழையாகப் பிரிக்க வழியில்லை. கொதிநீரும் கிண்டுவதும் ஆட்டு ரோமத்துக்கு ஆகாது என்பதை அன்றுதான் அறிந்தோம். தங்கை அந்தக் கட்டியைக் கையில் பிடித்தவாறு, "நாள் போயிரும் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். அதை வீணாக்கவில்லை. துண்டுகளாக வெட்டி, மருத்துவமனையில் மைத்துனரின் குதிகாலுக்கும் முழங்கைக்கும் கீழே புண் வராமல் வைத்தார்.

நாள் போகத்தான் செய்தது. இடையர் எஞ்சியதை விற்றுவிட்டிருந்தார். வேறோர் ஊரில் தேடி இரண்டாவது ரோமத்தை நான் கொண்டுவந்தபோது முதற் பனி விழுந்துவிட்டது. இந்த ஈரத்தில் கழுவினால் காயாது, கொழுப்போடேயே நூற்றுப் பின்னிக் கடைசியில் கழுவிக்கொள்ளலாம் என்றார் ஹெர்த்தா அம்மையார். தங்கை மறுக்கவில்லை. கழுவாத ஆட்டு ரோமத்தை மடியில் வாங்கிக்கொண்டார். நாள்தோறும் நூற்று முடித்ததும் குளிர்ந்த நீரைத் தலையில் ஊற்றிக்கொண்ட பின்னரே சாமி படம் இருக்கும் அறைக்குள் நுழைந்தார்.

"காய்ச்சல் வந்துவிடும். உன் கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார்" என்று அம்மையார் ஏசுவார்.

"அவர் கோவிக்க மாட்டார். எனக்கு மனசு கேக்காது" என்பார் தங்கை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் அம்மையாரின் முன்னறையில் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கும். வீட்டில் சூடாக இருந்த அறை அது ஒன்றே. அம்மையாரும் அவர் சகோதரியும் காலுறை பின்னுவார்கள். தங்கை இராட்டையில் இருப்பார். தொடக்கத்தில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. அறாதபோது கயிறு போலத் தடித்தது. ஒரு மாலை நான் மருத்துவமனையிலிருந்து வந்து கதவைத் திறந்தேன். அவர் முகத்தில் அப்படியொரு ஒளி.

"அண்ணாச்சி, இங்க பாருங்க. நூலு தன்னால வருது!"

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் அப்போதுதான் என்னிடம் சொல்லியிருந்தார். நான் நூல் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நூற்பதில் தங்கை மகிழ்ந்தார் என்பது உண்மை. அதை மறைத்து அவருக்குப் பெருமை சேர்க்க வேண்டிய தேவை எனக்கில்லை. அந்தப் பருவத்தில் அவருக்கு வாய்த்த மகிழ்ச்சி அது ஒன்றுதான்.

பின்னிய வரையில் போர்வையைக் கொண்டுபோய் மைத்துனருக்குக் காட்டினார். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன இது, போர்வை கொண்டாந்தியா, ஆட்டையே ஓட்டிக்கிட்டு வந்தியா?" என்றார்.

"முடியட்டும், கழுவித் தாறேன்."

"கழுவாட்டாலும் சரிதான். இந்த வாசம் ஊர்ல மழைக்கு ஒதுங்கினாப்ல இருக்கு."

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பிற்பகலில் அவர் உயிர் பிரிந்தது. கடைகள் அடைத்துவிட்டார்கள். விடுமுறை முடியும்வரை இந்நாட்டில் ஒரு கடையும் திறவாது; அதற்குள் உடலைப் பெட்டியில் வைத்து மூடிவிடுவார்கள். ஈமப்பணி செய்பவர் காகிதம் போன்ற துணியில் தைத்த, முதுகு திறந்த சட்டையொன்றைக் காட்டி, எல்லோருக்கும் இதுவே என்றார். எங்கள் வழக்கம் வேறு. மனைவியின் பிறந்த வீட்டார் கொண்டுவரும் கோடித் துணியைப் போர்த்தாமல் உடலை எடுப்பதில்லை. கோடி என்றால் புதியது. ஒருமுறையும் நீரில் நனையாதது. அதைக் கொண்டுவர வேண்டியவன் நான். எனக்குத் தெரிந்த துணி வணிகர் வீட்டுக் கதவைத் தட்டினேன். குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார். பெட்டியில் இருந்த வேட்டிகள் எல்லாம் துவைத்து உடுத்தவை. வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

தங்கை ஊசிகளோடு போர்வையைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். பின்ன வேண்டியது ஒரு முழத்துக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தது.

"இது தண்ணி காணாத துணி அண்ணாச்சி."

"நீ பின்னினது பொறந்த வீட்டுக் கோடியாகுமா ஏட்டி?"

"அதைத்தான் சொல்லுதேன். ரோமம் நீங்க கொண்டாந்தது. மிச்சத்தை நீங்க பின்னி முடிச்சா உங்க கோடிதானே?"

"எனக்கு இந்தக் குச்சியைப் புடிக்கவே தெரியாது."

"ஸ்லைடு ரூல் வச்சுக் கணக்குப் போட்ட கைதானே. வரும். நூலு பத்தாது, நான் நூக்கேன்."

அவ்வாறே நடந்தது. அம்மையார் விளக்கேற்றி வைத்த கிறிஸ்துமஸ் மரத்தின் அருகே, அவர் வீட்டு முன்னறையில், தங்கை நூற்றார், நான் பின்னினேன். அம்மையார் என் பின்னால் நின்று கண்ணி கண்ணியாகச் சொல்லிக்கொடுத்தார். நான் நூலை இழுத்து இழுத்து இறுக்குவதைப் பார்த்து, "பொறியாளரே, இது பாலம் அல்ல, இடிந்து விழாது. கொஞ்சம் விடுங்கள்" என்றார். அழுது அழுது குரல் போயிருந்த தங்கை அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் வாசல் மணி அடித்தது.

சன்னல் வழியே பார்த்தோம்: பான் நகரிலிருந்து தமிழ் ஆராய்ச்சியாளர் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்திருந்தார். அப்போது ஊரில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கை இராட்டையை விட்டு எழுந்து, என் கையிலிருந்து ஊசிகளை வாங்கினார்.

"குடுங்க. இழவு வீட்டுல ஆம்பிளை சொட்டர் பின்னுதான்னு உங்களைச் சிரிப்பாக. என்னைச் சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்."

கதவு திறந்தது. வந்தவர் கண்டது விளக்கேற்றிய மரம், வெள்ளைக்காரப் பெண்கள், சிரிப்பு ஆறாத முகத்தோடு ஊசியும் நூலுமாகத் தங்கை. அந்த நண்பர் பொய் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை.

அவர் போன பின் போர்வையை நான் பின்னி முடித்தேன். அதை நனைத்துப் பலகையில் ஊசி குத்திச் சீர்செய்ய வேண்டும் என்றார் ஹெர்த்தா அம்மையார். "நனைக்கப்படாது" என்று தங்கை அதைத் தம் மார்போடு அணைத்துக்கொண்டார். கல்லறைத் தோட்டக் கூடத்தில் நான் அதை மைத்துனர் மேல் போர்த்தினேன். அந்தக் குளிரிலும் ஆட்டு ரோமத்தின் வாடை மெல்ல எழுந்தது. ஓரத்தில் ஒரு பகுதி மட்டும் மற்றதைவிட இறுக்கமாகவும் கோணலாகவும் இருந்தது. அது என் பங்கு.

ஊர்ப்பேச்சு காதுக்கு எட்டியபோது மறுப்பு எழுத முனைந்தேன். தங்கை தடுத்தார். என் திருமணம் முடிந்த பிறகும், "விடுங்க அண்ணாச்சி, அவுக பேசி முடிக்கட்டும்" என்றே சொல்லிவந்தார். அந்தத் தடை அவரோடு முடிந்தது.

அவர் ஊர் திரும்பவில்லை. திரும்பி நுழைய அவருக்கு எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை என்பதை உறவினர் நினைவில் கொள்க. மருத்துவமனைத் துணியறையில் தையல் வேலை பார்த்து மகளை வளர்த்தார். எந்த மருத்துவமனையில் கணவரை இழந்தாரோ அதே இடத்தில், ஒரு நாளும் தாமதமாகச் செல்லாமல் பணிபுரிந்தார். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ரோமம் வாங்கினார். கொதிக்கவைக்காமல், இளஞ்சூட்டு நீரில் அசைக்காமல் ஊறவைத்துக் கழுவினார். பண்டிகைக் காலத்தில் டார்ம்ஸ்டாட்டிலும் பானிலும் தனித்திருந்த தமிழ் மாணவர்களுக்குக் காலுறை பின்னிக் கொடுத்தார். இம்மலரை வாசிக்கும் உங்களுள் சிலர் அதை அணிந்திருப்பீர்கள். பான் நண்பரின் குழந்தைக்கும் ஒரு குல்லாய் போயிற்று.

கடந்த ஆண்டு அவருக்கும் நோய் கண்டது. மருத்துவமனைக்குப் போன பிறகு வீடு திரும்பவில்லை. அவர் உயிர் பிரிந்தது வேலை நாளில்; கடைகள் திறந்திருந்தன. நான் வெள்ளைத் துணி ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். தங்கையின் மகள், என் மருமகள், அலமாரியிலிருந்து ஒரு பொதியை எடுத்து வந்தாள்.

"மாமா, அம்மா இதை முடிக்காமயே வச்சிருக்கா. ஹெர்த்தா அம்மா முடிச்சுத் தர்றேன்னு கேட்டாங்க. வேண்டாம், அண்ணாச்சி வருவாகன்னு சொல்லிட்டா."

வெள்ளைப் போர்வை. ஊசிகள் அப்படியே குத்தியிருந்தன. பக்கத்தில் நூற்ற நூல் உருண்டை. பிரித்தபோது ஆட்டு வாடை வந்தது. தண்ணீர் காணாத துணி.

வாங்கி வந்த துணியைப் பையிலேயே வைத்துவிட்டு, கூடத்தில், வாசலுக்கு நேராக நாற்காலியைப் போட்டு அமர்ந்தேன். விரல்களுக்குப் பழைய பாடம் நினைவு வர நேரமாயிற்று. இம்முறையும் இறுக்கமாகவே பின்னினேன். வாசல் மணி அடித்தது. ஊசிகளை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ள அவர் இல்லை. கதவைத் திறந்துவிடும்படி மருமகளிடம் சொன்னேன்.

எங்கள் தங்கையின் இறுதி நாட்களில் அருகிருந்த செவிலியர்க்கும், அவரைச் சுமந்த டார்ம்ஸ்டாட் மாணவர்களுக்கும், முதுமையிலும் மாடிப்படி ஏறி வந்து அவருக்குத் தலை வாரிவிட்ட ஹெர்த்தா அம்மையாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. அன்று கதவு திறந்ததும் உள்ளே வந்து, ஒரு வயதான ஆண் இழவு வீட்டில் பின்னிக்கொண்டிருப்பதைக் கண்டு, ஏன் என்று கேளாமல், கடைசிக் கண்ணி விழும்வரை நின்றுகொண்டே இருந்த உங்கள் அனைவர்க்கும் தனித்தனியே என் நன்றி. நீங்கள் கண்டதை ஊரில் சொல்லுங்கள்.