முதல் மூன்று எண்கள்

அழுத்துகிற எண் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று இன்டர்காம் பெட்டிக்குச் சொல்லிவைப்பது என் பிழைப்பு. சரியாகப் போனால் பெட்டியைப் புகழ்வார்கள், தப்பிப் போனால் என்னைத் தேடுவார்கள். வயரோடு மாரடிக்கிற தோழர்களே, உங்களுக்குத் தெரியாததா?

நூறாம் நம்பர்

திருவிடைமருதூரில் ஒரு லாட்ஜ். சமையலறைக்கு நூறாம் நம்பர்தான் வேண்டும் என்று முதலாளி ஒற்றைக்காலில் நின்றார். ராசியாம். அது போலீஸ் நம்பர் என்றேன். வெளியே பேசுகிறவர்கள் முதலில் பூஜ்யம் அழுத்தத்தானே போகிறார்கள் என்றார். பெட்டிக்கு அவசரம், ஆபத்து எதுவும் தெரியாது. அழுத்தும் எண்களை வரிசையாகப் பார்க்கும். தனக்குத் தெரிந்த வரிசை பொருந்தியதும் அனுப்பிவிடும்.

பர்ஸைப் பறிகொடுத்த ஒருவர் பதற்றத்தில் வெறும் நூறை அழுத்தியிருக்கிறார். அன்று நான் அங்கே இருந்தேன். கீழே இறங்கி வந்து என்னிடம் பாய்ந்தார்: “போலீஸக் கேட்டா, பொங்கல் தீந்துபோச்சு, பூரிதான் இருக்குங்கிறாங்க.”

நான் செய்யமாட்டேன் என்றது

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு அரிசி ஆலை. முதலாளிக்கு நிலமும் ஏராளம். குத்தகைக்காரர்களை வெளியேற்ற முனைந்திருந்த நேரம். ஆலைக் களத்தில் நெல் காயவைக்கும் மாரியாயி அக்காவும் அவருடைய குத்தகைக்காரர்தான். அக்காவின் வயலில் கதிர் முற்றியிருந்தது. மறுநாள் மாலை முதலாளியின் ஆட்கள் இறங்கி அறுக்கப் போவதாகப் பேச்சு.

சாப்பாட்டு வேளையில் எடைமேடை போனில் ஆட்கள் பேசிக்கொள்வது அங்கே வழக்கம். அதிலிருந்து திருவையாற்றில் இருக்கும் விவசாயிகள் சங்கத்துக்கு யார் போட்டாலும் தன் அறையில்தான் மணியடிக்க வேண்டும் என்றார் முதலாளி. முடியாது என்றேன். முடியாதா, தெரியாதா என்று கேட்டார். தெரியும், செய்யமாட்டேன் என்றேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை: “நீ இல்லாட்டி என்ன பாய், என் மருமவன் இன்ஜினீருக்குப் படிச்சவன்.”

மருமகன் கைவண்ணம்

மருமகன் முழு எண்ணையும் போடச் சோம்பி, முதல் மூன்று எண்களை மட்டும், அதுவும் ஆலையின் எல்லாப் போனுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டான். திருவையாற்று எண்கள் எல்லாமே அந்த மூன்றில்தான் தொடங்கும். மறுநாள் காலை அந்த ஊர் லாரி ஆபீஸ், உரக்கடை, டாக்டர் என்று ஆலையில் யார் யாரைக் கூப்பிட்டாலும் முதலாளி அறையில் மணியடித்தது. அவரே தன் திருவையாற்றுச் சம்பந்தியைக் கூப்பிட்டார். அழைப்பு சுற்றி அவரிடமே வந்து, எங்கேஜ்டு என்றது. மதியத்துக்குள் என்னை வரவழைத்துவிட்டார்: “சங்கத்து நம்பர மட்டும் அப்படியே வச்சுட்டு, மத்ததச் சரி பண்ணு.”

அக்காவின் சந்தேகம்

மருமகன் போட்டதை எடுத்தால் முழுதாக எடுப்பேன், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகிறேன் என்று பையைத் தோளில் மாட்டினேன். வெளியே மூட்டைகள் லாரிக்குக் காத்துக்கிடந்தன. எடுத்துத் தொலை, இனிமேல் இந்த வாசலை மிதிக்காதே என்றார். எடுத்தேன். எடைமேடைக்குப் போய், அவர் பார்த்துக்கொண்டிருக்கவே ரிசீவரை மாரியாயி அக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா எண்களை ஒவ்வொன்றாக அழுத்தி, விஷயத்தைச் சொல்லி முடித்தார். உடனே கிளம்புகிறோம் என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது. அப்படியும் அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. வாசலில் நின்ற முதலாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “பாய், இப்ப பேசுனது சங்கத்து ஆளுதானே, இவரு இல்லியே?”

அன்று மாலை சங்கத்தார் வரப்பை மறித்து நிற்க அக்கா தன் கதிரைத் தானே அறுத்தார், எனக்கு அந்த ஆலை வேலை போயிற்று. முதல் மூன்று எண்ணிலேயே ஆளை முடிவுகட்டுவது பெட்டியின் புத்தி, அது எனக்கு வராது.