பூனை மேடமும் மழைப் பாடமும்

ஓசையில்லாமல் நடப்பதால் தலைமையாசிரியைக்குப் பள்ளியில் பூனை மேடம் என்று பெயர். அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். வாசிப்புத் திட்டம் வந்ததிலிருந்து வாரம் தவறாமல் நான்காம் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்காருவார். பிள்ளைகள் கடகடவென்று வாசிப்பார்கள். 'முன்னேற்றம் நன்று' என்று எழுதிவிட்டு எழுந்து வருவார்.

"படிக்கிறாங்களா, இல்ல உனக்குப் பயப்படுறாங்களா?" என்று வீட்டில் கணவர் சீண்டுவார்.

"உங்களுக்கு எல்லாமே கிண்டல்தான்" என்று அவர் வாயை அடைத்துவிடுவார்.

திட்டத்துக்கென்றே ஒரு டீச்சரை அனுப்பியிருந்தார்கள். சின்னப் பெண், வேலைக்குப் புதுசு. அவளைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதா, திருப்பி அழைப்பதா என்று முடிவு செய்ய வெள்ளிக்கிழமை அதிகாரி வருவதாக இருந்தது.

வியாழக்கிழமை, பெஞ்சில் மறந்துவிட்ட சாவிக்கொத்தை எடுக்க மேடம் அந்த வகுப்புக்குள் நுழைந்தார். சாக்பீஸ் வாங்க டீச்சர் வெளியே போயிருந்தாள். பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த பாடத்தைச் சட்டென்று விட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே வேறொரு பக்கத்தைத் திருப்பி, மழை எப்படிப் பெய்கிறது என்று கோரஸாக ஆரம்பித்தார்கள்.

"இதை யாரு இப்பப் படிக்கச் சொன்னது?"

"நீங்க வந்தா இந்தப் பாடம்தானே மேடம்" என்றாள் முன்வரிசைச் சிறுமி, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

வாசிக்கும் வேகத்தைக் கைக்கடிகாரத்தில் பார்ப்பதிலேயே குறியாக இருந்தவர், வாராவாரம் ஒரே மழைதான் பெய்கிறது என்பதைக் கவனித்ததே இல்லை. அவமானமாக இருந்தது. அதற்குள் டீச்சர் வாசலில் வந்து நின்றாள்.

"உங்களைப் பார்த்தாலே எனக்குக் கை கால் ஓடல மேடம். அதான், நல்லா வர்ற பாடத்தையே எடுத்தேன். நாளைக்கும் அதையே படிச்சா என் வேலை தப்பிச்சிடும்."

மேடம் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அவள் கெட்டிக்காரிதான், திட்டவும் மனம் வரவில்லை.

மறுநாள் அதிகாரி வந்து உட்கார்ந்ததும் வகுப்பு மழைக்குத் தயாரானது.

"அது வேண்டாம். நேத்து விட்ட இடத்துலேருந்து படிங்க" என்றார் மேடம்.

டீச்சரின் முகம் வெளிறியது. சிலர் வாசித்தார்கள், சிலர் எழுத்துக்கூட்டினார்கள், மற்றவர்கள் பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்தார்கள். அதிகாரி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"பாதிப் பேருக்குத்தான் வருது. இன்னும் ஒரு பருவம் டீச்சர் இருக்கட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றவர் மேடம் பக்கம் திரும்பினார். "ஆமா, இதை நீங்க எப்பலேருந்து கண்காணிக்கிறீங்க?"

"இன்னிக்குத்தான் சார் ஆரம்பிச்சிருக்கேன்."