கடைசியாக நன்றாக இருந்த நேரம்

ஒன்பது, பத்து என்று வாய்க்குள் எண்ணியபடி ரத்தம் பிடித்த சோதனைக் குழாயை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துகிறாள். குலுக்கினால் ஆய்வுக்கு ஆகாதாம். அந்தப் பத்து முடியும்வரை பெரிய டாக்டர் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள்.

பக்கவாத வார்டில் மரபணு ஆய்வுக்கு ரத்தம் எடுக்கிறவள். நோய் தாக்கிய சில மணி நேரத்தில் ரத்தத்தில் எந்த மரபணுக்கள் சுறுசுறுப்பாகின்றன, அதை வைத்து யார் தேறுவார் என்று முன்பே சொல்ல முடியுமா என்பது ஆய்வு. மணிக்கு மணி அது மாறுவதால், நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரம் சரியாக வேண்டும். அதற்காக உறவினர்களைக் கேள்வி கேட்டே குடைந்து எடுப்பாள். வார்டில் எல்லோருக்கும் அவள் 'வக்கீலம்மா'. நோயாளிகளைப் புரட்டிவிடும் எனக்கும்தான்.

ஆள் குள்ளம். சாப்பாடு நின்றபடியே. "நரம்பு ஒளிஞ்சுக்கிட்டா விட்டுடுவேனா அக்கா?" என்பாள். இரண்டாம் முறை குத்தி நான் பார்த்ததில்லை.

மூன்று மாதம் முன்பு ஒரு தச்சரைக் கொண்டுவந்தார்கள். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. காலை ஏழு மணிக்குப் படுக்கையில் அப்படிக் கிடந்தாராம். இரவு பத்துக்கு நன்றாகத்தான் படுத்தார் என்றார் மனைவி. டாக்டரும் அதையே எழுதினார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பத்து மணிக் கணக்கில் அது கிடையாது.

வக்கீலம்மா ரத்தம் எடுக்கும் தட்டோடு வந்தாள். "நடுவுல எழுந்திருக்கவே இல்லையா? தண்ணி குடிக்கக்கூட?"

"நான் தூங்கிட்டேம்மா."

கூட வந்திருந்த மகளுக்குக் கோபம் வந்தது. "அப்பா பேச முடியாம கிடக்காரு, உங்களுக்கு டைம்தான் முக்கியமா?"

"ஆமா, டைம்தான் முக்கியம். நீ எப்போ பார்த்தே?"

"காலையில... மோட்டாரை அணைக்கலன்னு திட்டினாரு."

"எத்தனை மணிக்கு?"

"என் அலாரம் அடிச்சுது. அஞ்சு அம்பது."

"வாய் குழறிச்சா?"

"குழறலையே. தெளிவாத்தான் திட்டினாரு."

"என்னன்னு?"

மகள் தலை குனிந்தாள். "சோம்பேறி எருமைன்னு."

அப்போது மணி எட்டேகால். வக்கீலம்மா டாக்டரிடம் ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று கட்டிலடியில் கிடந்தது. தலையை ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். எட்டரைக்கு மருந்து ஏறியது. அதற்குள் தன் குழாயையும் நிரப்பிக்கொண்டாள். வேலையை விடுகிறவள் இல்லை.

போன வாரம் தச்சர் மூன்றாம் மாத ரத்தம் கொடுக்கத் தானே நடந்து வந்தார். இடது கையை நீட்டினார்.

"அது வேணாம். அந்தக் கை."

வலது உள்ளங்கையில் தன் இரண்டு விரல்களை வைத்தாள். "அமுக்குங்க."

அமுக்கினார். அவள் முகம் சுளித்தது.

"வலிக்குதாம்மா?"

அவள் விரல் நுனிகள் வெளுத்துவிட்டன. எடுக்கவில்லை. "இன்னும்" என்றாள்.